கேக் மட்டும் தெரிந்த படம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நம்பி என்றுதான் எழுத முடிகிறது, போனில் உன் குரல் சுகமாக இருப்பவள் குரலாக இல்லை. அடிக்கடி போனில் பேசுகிற அப்பாவுக்கு எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய், அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி மாத்திரையில் அடங்கியிருக்கிறது, ஆனால் அவள் அதை ஒப்புக்கொள்வதில்லை, மாடிப்படி ஏறுவதை நிறுத்தியதால்தான் குறைந்தது என்கிறாள், அதையும் மாடிப்படி ஏறிக்கொண்டேதான் சொல்கிறாள். தம்பி பரீட்சை முடித்துவிட்டான், எப்படி எழுதினாய் என்று கேட்டால் பேப்பர் ஈஸிப்பா என்கிறான், போன தடவையும் ஈஸியாகத்தான் இருந்தது. எதிர் வரிசை சலூன்காரர் கடையை நடுவில் தடுத்துப் பாதியை ஜெராக்ஸ் கடைக்கு விட்டுவிட்டார், இப்போது முடி வெட்டப் போனால் மெஷின் சத்தத்தில் அவர் அளக்கும் ஊர்க்கதை ஒன்றும் காதில் விழுவதில்லை, வெறும் தலையைத்தான் வெட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. நம் பேக்கரியில் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியிருக்கிறது, பழையதைப் போல உறுமுவதில்லை, அதனால் ஓடுகிறதா இல்லையா என்று நான் அடிக்கடி கதவைத் திறந்து பார்க்கிறேன், திறந்து திறந்தே கெடுத்துவிடுவீர்கள் என்று அம்மா திட்டுகிறாள்.

சுற்றி வளைத்தது போதும். உன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லித் தேதி வரைக்கும் வந்து விலகிப்போனானே அந்த பாங்க்காரன், அவன் கல்யாணக் கேக் படத்துக்குக் கீழே உன் பெயரில் உன் முகத்தோடு ஒரு கமென்ட் வந்து தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லாரும் சிரித்தார்களே, அதை எழுதியது நான்தான் பாப்பா. உன் அக்கவுன்டுக்குள் எந்தத் திருடனும் புகவில்லை. உன் அறைத்தோழி, அந்த நர்ஸ் பெண், உன் கம்ப்யூட்டரைத் தொடக்கூட இல்லை. நீ அவளோடு பேச்சை நிறுத்தியிருப்பதும், இந்த மாதக் கடைசியில் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகப்போவதும் என்னால் வந்த வினை. மீதியைப் படிக்க உனக்கு மனசு வரவில்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அவளிடம் போய்ப் பேசு. படிக்க முடிந்தால் எப்படி நடந்தது என்று சொல்கிறேன், அப்பாவைத் திட்டுவதற்காவது முழுக்கத் தெரிந்திருப்பது நல்லது.

போன லீவில் வந்தபோது நம் பேக்கரிக்கு ஒரு பேஜ் போட்டுக் கொடுத்தாய் இல்லையா. பேஜ் தனியாக நிற்காது, யாராவது ஒரு ஆளின் அக்கவுன்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்று சொன்னாய். எனக்கு ஒரு அக்கவுன்ட் போடப் பார்த்தோம், போனுக்கு ஒரு எண் அனுப்புகிறேன் என்றது, எண் வரவே இல்லை, கடைசியில் வந்ததும் போட்டால் நேரம் முடிந்துவிட்டது என்றது, மறுபடி கேட்டால் நிறைய தடவை கேட்டுவிட்டாய், நாளைக்கு வா என்று கடன்காரனை விரட்டுவதுபோல விரட்டியது. நீ பெருமூச்சு விட்டு, இப்போதைக்கு என் அக்கவுன்டிலேயே இருக்கட்டும்பா என்று கடைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். போகும்போது ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். மேல் மூலையில் ஒரு வட்டம் இருக்கும், வட்டத்துக்குள் கேக் படம் இருந்தால் நான் கடையாகப் பேசுகிறேன், உன் முகம் இருந்தால் நான் நீயாகப் பேசுகிறேன், எதை எழுதுவதற்கு முன்னாலும் வட்டத்தைப் பார்க்கவேண்டும். நான் பார்த்தேன் பாப்பா. சாலையைக் கடக்கும்போதுகூட நான் அவ்வளவு ஒழுங்காக இரண்டு பக்கமும் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. மேலே இருந்தது கீழே போய்விட்டது, நீலமாக இருந்தது சாம்பலாகிவிட்டது, மணி படம் இருந்த இடத்தில் வீடு, வீடு இருந்த இடத்தில் யாரோ ஒரு பெண் நடனம் ஆடுகிறாள். நடுவில் ஒரு பலூன் படம் போட்டு, உங்கள் வசதிக்காகப் புதுப்பித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. யார் வசதியைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் நம் கடையில் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றி வைத்துவிட்டு உங்கள் வசதிக்குத்தான் என்று சொன்னால் அன்றைக்கே அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பியிருப்பேன். மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒன்பது புள்ளி என்று மூலைக்கு மூலை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு சமாசாரம், நேற்று உள்ளே இருந்தது இன்றைக்கு இல்லை. வட்டத்தைத் தேடினேன். மேல் மூலையில் ஒரு வட்டம் இருந்தது, அதில் கேக் இருந்தது, சரி என்று நிம்மதியாக வேலை பார்த்தேன். அது நான் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன் என்று காட்டும் வட்டமாம், நான் யாராக எழுதுகிறேன் என்று காட்டும் வட்டம் எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் மிளகு அளவில் தனியாக இருக்கிறதாம். இது எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் அதற்குள் உன் முகம் இருப்பதே தெரிந்தது, அதுவும் எல்லாம் கெட்ட பிறகு.

அந்த வாரம் மண்டப மேனேஜர் போனில் ஒரு மூன்றடுக்குக் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தார். பெயர் எழுதவேண்டாம், மேலே வெள்ளைப் பூ மட்டும் போதும் என்றார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை, மண்டப ஆர்டருக்கு நான் எப்போதும் கேட்பதில்லை. வெயில் கொளுத்திய நாள் அது, கிரீம் நிற்குமோ இளகுமோ என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதல் படமே நம் கேக். கத்தியைப் பிடித்த இரண்டு கை தெரிகிறது, கைக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நான் கேக்கை மட்டும்தான் பார்த்தேன். மூன்றாவது அடுக்கு ஒரு இழைகூடச் சாயவில்லை, பூவின் ஓரம் அப்படியே கூர்மையாக நிற்கிறது, அதைப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். நீ என்னிடம் என்ன சொல்லியிருந்தாய், கேக் கொடுத்த மறுநாள் வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்கிறீர்களே, அதைப் பேஜில் கமென்டாகக் கேளுங்கள், நாலு பேர் நல்ல பதில் எழுதினால் கடைக்கு விளம்பரம் என்றாய். அதனால் என் ஒற்றை விரலால் எழுதினேன். இந்தக் கேக் என் கையால் செய்தது. சாப்பிட்டவர்கள் எல்லாரும் நலமா? யாருக்காவது வயிற்றை ஏதாவது செய்ததா? மறைக்காமல் சொல்லவும். இவ்வளவுதான் எழுதினேன். எல்லாக் கேக்குக்கும் நான் கேட்பது அதுதான், உனக்கே தெரியும்.

நம் கடை பெயரில் கேட்டிருந்தால் அது அக்கறை. கைவிடப்பட்ட பெண்ணின் முகத்தோடு கேட்டால் அது என்ன என்று நான் விளக்கவேண்டியதில்லை. அது போதாது என்று மாப்பிள்ளையின் பெரியப்பாவோ யாரோ ஒருவர், நேற்று ராத்திரியிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை என்று பதில் எழுதினார். மண்டபத்துச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கேக்கின் மேல் பழியைப் போடும் ஆட்கள் எல்லா வீட்டிலும் உண்டு, ஆனால் தொழில் செய்பவன் அதைச் சும்மா விட முடியுமா. உடனே நான் எழுதினேன், மீதி இருந்தால் தயவுசெய்து யாரும் தொடவேண்டாம், நான் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று. அதற்குப் பிறகு மணிப் படத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. கடைக்கு நல்ல விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு நான் அன்றைக்கு இரண்டு தட்டு பிஸ்கட் கூடுதலாகப் போட்டேன்.

உன் சித்தி போன் செய்து, ஏன் அத்தான், பாப்பா இப்படியா எழுதுவா, அந்த வீட்டுல எல்லாரும் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டிருக்காங்களாம் என்று கேட்டபோதுதான் நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த மிளகு வட்டத்தைப் பார்த்தேன். அந்தப் படத்தைப் போட்டது பாங்க்காரனின் அக்கா. அவள் இன்னும் உன் லிஸ்டில் இருக்கிறாள். படம் நம் கடையைத் தேடி வரவில்லை, உன்னைத் தேடித்தான் வந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டபோது எழுதியதற்காக வந்த வெட்கத்தைவிட இன்னொன்று என்னை அதிகம் உலுக்கியது. அவன் போனதோடு நீ அந்தக் கதையை மூடிவிட்டாய் என்று நானும் அம்மாவும் எங்களுக்குள் முடிவு செய்து நிம்மதியாக இருந்தோம். அந்த வீட்டுப் பிறந்தநாளும் புதுக் காரும் கல்யாணமும் தினம் காலையில் உன் கண்ணில் விழுகிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள். நீயும் சொல்லவில்லை. சரி, முதலில் இதை அழிப்போம் என்று மூன்று புள்ளியைத் தொட்டேன், மறை என்று இருந்தது, தொட்டேன், இரண்டும் மறைந்துவிட்டன. நானும் முகத்தைக் கழுவிக்கொண்டு மாவு பிசையப் போய்விட்டேன். அது என் கண்ணுக்கு மட்டும் மறைந்திருக்கிறது, உலகத்தின் கண்ணுக்கு அப்படியே நின்றிருக்கிறது. அந்தப் பட்டனைச் செய்தவன் யாரோ, பூனை கண்ணை மூடிக்கொள்வதற்கு என்றே செய்திருக்கிறான்.

மறுநாள் நீ அழுதுகொண்டே போன் செய்தாய். யாரோ என் அக்கவுன்டுக்குள்ள புகுந்துட்டாங்கப்பா என்றாய். அப்புறம், நீங்க அந்தக் கல்யாணத்துக்குக் கேக் செஞ்சீங்களாப்பா என்று கேட்டாய். உனக்கு என்னைத் தெரியும், என் கேள்வி உனக்குத் தெரியாதா. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கவேண்டும், அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா, உனக்கு நினைவிருக்கும், எனக்குத் தினமும் காதில் கேட்கிறது. "அவன் கல்யாணத்துக்கு நான் கேக் செய்வேனாம்மா." பொய் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன்னைத் தூக்கி எறிந்தவன் கல்யாணத்துக்கு வெள்ளைப் பூ வைத்துக் கொடுத்தேன் என்று உன் காதில் சொல்ல வாய் வரவில்லை, அதன் மேல் இதையும் எழுதினேன் என்று சொல்ல அதைவிடவும் வரவில்லை. நீ உடனே, சாரிப்பா, உங்களைப் போய்க் கேட்டுட்டேன் பாருங்க என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய், நான் பரவாயில்லைம்மா என்று பெரிய மனசு பண்ணிக்கொண்டேன். அதை நினைத்தால் மாவில் வைத்த கை அப்படியே நின்றுவிடுகிறது.

அன்றைக்கு மத்தியானம் மனசு பொறுக்காமல் நடந்ததையெல்லாம் கடை பேஜில் எழுதிவிட்டேன். எழுதியது என் மகள் இல்லை, பேக்கரிக்காரனாகிய நான், அவளும் மாப்பிள்ளை வீட்டாரும் மன்னிக்கவேண்டும் என்று முழுக்க எழுதினேன். வட்டத்தை இரண்டு தடவை பார்த்து, கேக் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு பட்டனைத் தொட்டேன். போய்விட்டது. எல்லாரும் படித்திருப்பார்கள், நீயும் படித்திருப்பாய் என்று நினைத்தேன். அடுத்த தடவை போனில் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, அப்பாவை மன்னித்துவிட்டாள், பேசிப் பெரிதாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். எனக்கு எவ்வளவு வசதியான தீர்ப்பு பார். நான் எழுதியது ஸ்டோரி என்ற இடத்தில் விழுந்திருக்கிறது, அது ஒரு நாள் இருந்துவிட்டுத் தானாக அழிந்துபோகுமாம், யாராவது நம் பேஜின் கேக் வட்டத்தைத் தேடிப்போய்த் தொட்டால்தான் தெரியுமாம். அதைப் பார்த்த ஒரே ஆள் நம் சலூன்காரர். என்ன சார், யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டிருந்தீங்களே, எல்லாம் சரியாயிடுச்சா என்று போன வாரம் சவரம் செய்யும்போது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கடைக்கு ஓடிவந்து திறந்தால் நீ பாஸ்வேர்டை மாற்றிவிட்டாய், அது என்னை உள்ளே விடவில்லை. நீ மனிதன்தான் என்று நிரூபி என்று சொல்லி, சிக்னல் விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடச் சொன்னது. தொட்டேன். தவறு என்றது. அன்றைக்கு எனக்கே அந்தச் சந்தேகம் இருந்ததால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

நேற்று கடையைச் சாத்துவதற்கு முன்னால் அம்மா பிஸ்கட் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே உன்னிடம் பேசியதைச் சொன்னாள். அந்த நர்ஸ் பெண்தான் எழுதினாள் என்று நீ கண்டுபிடித்துவிட்டாயாம். கேக் சாப்பிடும்போதெல்லாம் நீ என் குரலை மாற்றிப் பேசி, யாருக்காவது வயிற்றை ஏதாவது செய்ததா என்று கேட்டுக் காட்டிச் சிரிப்பாயாமே, அந்தக் கேலியை அறிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதானாம். பாங்க்காரன் கல்யாணத்துக்கு நானே கேக் செஞ்சு அனுப்பறேன், ஒரு வாரம் படுக்கட்டும் என்று அவள் உன் கண்ணீரைத் துடைப்பதற்காகச் சொன்ன விளையாட்டுப் பேச்சும் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சியாகிவிட்டது. இல்லை என்று அவள் எத்தனை சொல்லியும் நீ கேட்கவில்லை, அவளும் ஒரு கட்டத்தில் சொல்வதை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அம்மா அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தாள். நான் எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையிலிருந்த டப்பாவை மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணுக்கும் ஒரு அப்பா இருப்பாருல்ல, அவர்கிட்ட அவ போன்ல என்ன சொல்லி அழுதிருப்பா" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

இந்தக் கடிதம் முழுக்கப் பட்டனையும் புள்ளியையும் வட்டத்தையும் திட்டி நிரப்பிவிடலாம் பாப்பா, அவர்கள் செய்து வைத்திருக்கும் காரியத்துக்குத் திட்டவும் தகும். வயதானவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நீயும் என்னை விட்டுவிடுவாய். ஆனால் அவன் கல்யாணத்துக்கு நான் கேக் செய்வேனா என்று உன்னைக் கேட்டேனே, அப்போது நமக்கு நடுவில் எந்தப் பட்டனும் இல்லை. யார் முகத்தில் பேசுகிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன் மானத்தை அங்கேயே தொங்க விட்டேன், அப்புறம் யாரோ பெற்ற ஒரு பெண்ணை அதற்குப் பதில் சொல்ல வைத்தேன். போனில் சொல்ல இந்த வாரம் இரண்டு தடவை எடுத்தேன், நீ ஹலோ என்றதும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் காகிதம். இதில் எழுதினால் எழுதியதுதான், மறைத்தால் எல்லாருக்கும் மறையும், கிழித்தால் கிழியும்.

அந்த பாங்க்காரனின் அக்காவை உன் லிஸ்டிலிருந்து எடுத்துவிடு, எப்படி எடுப்பது என்று என்னைக் கேட்காதே. எடுக்க மனசு வரவில்லையென்றால் அதையாவது எங்களிடம் சொல், நீ சொல்லாததை நாங்கள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் நேரில் போய்ச் சொல்கிறேன், அது என் பாடு, மண்டப மேனேஜரிடம் புது வீட்டு விலாசம் வாங்கியாகிவிட்டது. கடை பேஜை மூடிவிடு. பழையபடி மறுநாள் காலையில் போன் போட்டே கேட்டுக்கொள்கிறேன், எரிச்சல்படுகிறவர்கள் படட்டும்.

இன்னும் ஒன்று. எழுத ஆரம்பித்தபோது இதை உனக்குத்தான் அனுப்புவதாக இருந்தேன், முடிக்கும்போது மனசு மாறிவிட்டது. போன தடவை பிஸ்கட் பார்சல் அனுப்பியபோது பகலில் வீட்டில் இருப்பவள் அவள்தான் என்று அவள் பெயரையும் விலாசத்தையும் நீதான் எழுதிக் கொடுத்தாய், அந்தச் சீட்டு கல்லாவில் இருந்தது. உறையின் மேல் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். நர்ஸம்மா, நீ என் மகள் வயதுப் பெண், முதலில் நீ படி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, கேட்கிறேன். உன் அப்பாவிடம் படித்துக் காட்டவேண்டும் என்றாலும் காட்டு. படித்த பிறகு பாப்பாவிடம் கொடுப்பதா, கிழித்துப் போட்டுவிட்டு உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதா என்பது உன் இஷ்டம், நீ எதைச் செய்தாலும் அது நியாயம்தான்.

பாப்பா, இதை இப்போது நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அவள் உன்னிடம் கொடுத்திருக்கிறாள். பக்கத்து அறையில்தான் இருப்பாள். எழுந்து போ.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும். குளிரில் காதை மூடிக்கொள்ள மறக்காதே.

ஆசியுடன்,
அப்பா